தும்மட்டிக்காய்க் கோடை

நம் வயதுப் பெண்கள் எல்லோருக்கும், தலையில் யாராவது எதையாவது தேய்த்துவிட்ட ஒரு கோடை இருக்கும் என்று நினைக்கிறேன். வேப்பிலையை அரைத்துப் பூசிய கோடை, மருதாணியோடு வெயிலில் உட்காரவைத்த கோடை, இப்படி ஏதோ ஒன்று. கல்யாண வீடுகளில் சந்தித்தால் அதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். எனக்கு இன்று சிரிப்பு வரவில்லை. என் சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் துணிப்பை நிறையத் தும்மட்டிக்காய் இருக்கிறது. அம்மா அதைக் காலையில் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். என் மகளின் தலையில் தேய்ப்பதற்கு.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வலது காதுக்குப் பின்னால், சற்று மேலே, வட்டமாக ஓர் இடத்தில் முடி கொட்டியிருக்கிறது. அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் பார்த்தேன். பார்த்த அன்றே தோல் டாக்டரிடம் ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: புழுவும் இல்லை பூச்சியும் இல்லை, உடம்பே தன் முடியின் வேரை எதிரி என்று தப்பாக நினைத்துக்கொள்கிறது, குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடும். ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். “மொதல்ல வெள்ளையா, பூனை முடி மாதிரி வரும்மா. அதைப் பாத்து பயந்துடாதீங்க. எதையும் போட்டுத் தேய்ச்சுடாதீங்க.”

அவருக்கு அது நாள் முழுக்கச் சொல்கிற வாக்கியம். நான் எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். “என்னம்மா, தலை சுத்துதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். என் கை தானாக என் பின்னந்தலைக்குப் போயிருந்தது.

அங்கே பருப்பு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அதில் முடி வருவதில்லை. அது என் கோடை.

அப்போது நாங்கள் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் இருந்தோம். முன்னறையில் அப்பாவின் தறி. பின்னால் ஒரு நீளமான அறை, அதற்கும் பின்னால் கிணற்றடி. நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். மல்லிகை மலிந்து கிடந்த சித்திரை. தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் பூ ஜடை தைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு நினைவிருக்கும்: பின்னலின் மேல் வாழைப்பட்டையை வைத்து, மொட்டு மொட்டாகக் கோத்துத் தைத்து, பட்டுப்பாவாடை கட்டி, ராஜ வீதி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைப்பார்கள். முகம் கேமராவைப் பார்க்கும், ஜடை கண்ணாடியில் தெரியும். ஒரே படத்தில் முன்னும் பின்னும். அந்தப் படம் இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. முந்தின வருஷங்களில் என் முடி பூவின் கனம் தாங்காது என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அந்த வருஷம்தான் இடுப்பைத் தொட்டது. நான் அதற்காக எண்ணெய் வைக்கும்போது வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், வருஷம் முழுவதும்.

பூ தைப்பதில் கெட்டிக்காரி பக்கத்து வீட்டு அக்கா. எத்தனை முழம் பூ வேண்டும் என்று அளந்து பார்க்க வந்தவள், வகிடு எடுத்ததும் சீப்பை நிறுத்தினாள்.

“அண்ணி, இங்க வந்து பாரேன். பாப்பா தலைய புழு வெட்டிக்கினு இருக்குது.”

“மெதுவா சொல்லுமா, தெருவுக்கே கேக்கும்,” என்றாள் அம்மா. அதுதான் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

புழுவெட்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தலைக்குள் ஒரு புழு உட்கார்ந்துகொண்டு, முடியை வேரோடு மேய்ந்துகொண்டிருப்பதாக நினைத்தேன். குழந்தை அப்படி நினைத்தால் பரவாயில்லை. பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. புழு என்றால் அதைக் கொல்ல வேண்டும். கொல்கிற எதுவும் காரமாகத்தான் இருக்க வேண்டும். அங்கேயே எல்லாம் தடம் மாறிவிட்டது.

முதலில் சின்ன வெங்காயம். அம்மா ஒரு சொரசொரப்பான துண்டை எடுத்து, அந்த இடத்தைச் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள். ரத்தம் ஓடினால்தான் மருந்து இறங்கும் என்று அவள் கணக்கு. பிறகு அம்மியில் நசுக்கிய வெங்காயத்தைத் துணியில் கட்டிப் பிழிந்து, சாற்றை விரலால் அழுத்துவாள். காதுக்குப் பின்னால் வழிந்து கழுத்துக்குள் இறங்கும். எவ்வளவு குளித்தாலும் அந்த வாடை போகாது. தெருமுனையில் நான் தலை காட்டியதும் பசங்கள் கத்துவார்கள்.

“டேய், சாம்பார் வருதுடா!”

“இட்லி எங்கடி?”

நான் தெருவில் விளையாடுவதை நிறுத்தினேன். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. வெயிலில் ஆடாமல் வீட்டோடு இருக்கிறாள், வயசுக்கேற்ற அடக்கம் வந்துவிட்டது என்று அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு அத்தை வந்தாள், அப்பாவின் தங்கை. வாலாஜாபாத்தில் அவள் வீட்டிலிருந்து நடந்தால் பாலாறு. தண்ணீர் இல்லாத ஆறுதான். மணலில் கொடி ஓடி, தும்மட்டிக்காய் காய்த்துக் கிடக்கும். எலுமிச்சம்பழ அளவில், பச்சையும் வெளிர்பச்சையும் கோடு போட்ட குட்டித் தர்பூசணி மாதிரி அழகாக இருக்கும். அத்தை பையைக் கவிழ்த்தபோது அவை தரையில் உருண்டு தறிக்குழி வரைக்கும் போயின. நான் சிரித்துக்கொண்டே பொறுக்கினேன். ஒன்றைப் பிளந்ததும் விரலை நக்கிப் பார்த்தேன். அந்தக் கசப்பு மறுநாள் காலைக் காபியிலும் இருந்தது.

“இது வெங்காயத்துக்கெல்லாம் சாவுற புழு இல்ல அண்ணி,” என்றாள் அத்தை. “எங்க ஊர்ல ஒரு ஆளு, தலை மொத்தமும் போயி தேங்கா மாதிரி இருந்தான். இத்தப் போட்டுத் தேய்ச்சான். இப்போ வாரத்துக்கு ஒரு தபா முடி வெட்டிக்கினு கீறான்.”

வாரத்துக்கு ஒரு தடவை யார் முடி வெட்டுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பாதியாக அறுத்த காயை, அறுத்த பக்கம் தலையில் படும்படி வைத்து வட்டமாகத் தேய்த்தார்கள். ஏற்கெனவே துண்டும் வெங்காயமும் உரித்துப்போட்ட தோல். நான் கத்தினேன்.

“எரியுதா?” என்றாள் அத்தை.

“எரியுது அத்தை!”

“எரியட்டும். புழு சாவுதுன்னு அர்த்தம்.”

மறுநாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு எரியவில்லை என்று சொன்னேன். “எரியலியா? அப்போ பத்தல அண்ணி, இன்னும் கொஞ்சம் அழுத்துங்க,” என்றாள். எரிகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது. எரியவில்லை என்றால் மருந்து போதவில்லை. எந்தப் பதிலைச் சொன்னால் கையை எடுப்பார்கள் என்று நான் அந்தக் கோடை முழுக்க யோசித்தேன். அப்படி ஒரு பதில் இல்லவே இல்லை.

நான் கத்தும்போது முன்னறையில் தறிச் சத்தம் நிற்கும். அப்பா எழுந்து வரப்போகிறார் என்று காத்திருப்பேன். கொஞ்ச நேரம் வீடே அமைதியாக இருக்கும். பிறகு தறி மறுபடி ஓடத் தொடங்கும். நான் தாயான பிறகு அந்த அமைதியைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அவருக்கும் தெரியவில்லை. தெரியாத மனிதர் தெரிந்தவர்கள் மாதிரி பேசுகிறவர்களிடம் விட்டுவிட்டார். அவ்வளவுதான். ஆனால் நின்ற தறி ஏன் மறுபடி ஓடியது என்று கேட்க அவர் இப்போது இல்லை.

புண் பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்தபோது அந்த இடம் முன்னைவிடப் பெரிதாக, பளபளவென்று இருந்தது. மல்லிகை விலை ஏறப்போகிறது, ஸ்டுடியோவுக்குப் போக வேண்டும். நான் அழுதேன். தலைக்காக அழவில்லை, படத்துக்காகத்தான்.

அந்த நேரத்தில்தான் சித்தப்பா நுழைந்தார். அவர் சாயப்பட்டறையில் வேலை செய்தார். எந்த நிறத்துக்குப் பட்டு நனைத்தாரோ அந்த நிறத்தில் கை இருக்கும். அன்றைக்கு அரக்கு. என் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏன் அண்ணி கொழந்தைய இப்டிப் போட்டு வதைக்கிறீங்க? பாவம்,” என்றார். எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். அடுத்த வாக்கியத்திலேயே அவரும் ஒரு வைத்தியத்தைத் தொடங்கினார்.

“பட்டும் ஒண்ணுதான், முடியும் ஒண்ணுதான். ரெண்டும் உசுருலேர்ந்து வர்ற நூலு. கொழந்தைக்கு நான் பட்டறைச் சாயத்தத் தொட மாட்டேன், அது கெமிக்கலு. எங்கப்பா காலத்துல கடுக்காய்லயே கருப்பு ஏத்துவாங்க. முடிக்கும் நல்லதாச்சே, கடுக்காய். வேரும் பிடிக்கும், கருப்பும் பிடிக்கும்.”

கடுக்காயை இடித்து இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தார். துருப்பிடித்த ஆணிகளையும் உள்ளே போட்டார். வீடு முழுக்கத் துவர்ப்பும் இரும்புமாக ஒரு வாடை. முதலில் பட்டுக் கழிவு நூலில் ஒரு துண்டை அதில் முக்கி, காயவைத்து, தறிக்காலில் கட்டிவிட்டார். மறுநாள் அது கரேலென்று இருந்தது. “பாத்தீங்களா?” என்று எல்லோருக்கும் காட்டினார். ஒரு தொழில்காரன் செய்கிற முறை அது. நூலில் பிடிக்கிறதா என்று பார்க்காமல் அவர் கை வைக்க மாட்டார். ஆனால் என் தலையில் அந்த இடத்தில் நூலே இல்லை. வெறும் தோல்தான் இருந்தது. அதை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

தோல் கறுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் முடி மாதிரியே இருந்தது. அம்மா என்னைக் கிணற்றடி வரைக்கும் நடக்கச் சொல்லி, தள்ளி நின்று பார்த்தாள். அவள் முகம் தெளிந்ததை அந்தக் கோடையில் அப்போதுதான் பார்த்தேன்.

பூ ஜடையோடு ஸ்டுடியோவுக்குப் போனோம். விளக்குகளைப் போட்டதும் அறை கொதித்தது. ஸ்டுடியோக்காரர் கண்ணாடியை நகர்த்தினார், என்னைத் திருப்பினார், குனிந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது, பாப்பா தலையில தார் பட்டுடுச்சா?”

படம் எடுத்து முடிவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது. கடுக்காய்த் தண்ணீர் கழுத்து வழியே இறங்கி, மாம்பழ மஞ்சள் ஜாக்கெட்டில் கறுப்புக் கோடு போட்டது. ஸ்டுடியோக்காரர் ஒரு துணியை நீட்டிவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: “மொதல்லயே கேட்டிருந்தா ரெண்டு கண்ணி பூவ அங்க நகத்தி வெச்சிருப்பனேம்மா. எத்தன புள்ளைங்களுக்கு வெச்சிருக்கேன்.”

ரெண்டு கண்ணி பூ. திரும்பி வரும் வழி முழுக்க அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சாயம் மெல்ல வெளுத்தது. ஜூன் மாதம் நெருங்கும்போது அந்த இடத்தில் வெள்ளையாகப் பொடிமுடிகள் இருந்தன. நானே தடவிப் பார்த்தேன், மெத்தென்று இருந்தன. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

“ஐயோ, நரை! இந்த வயசுல நரைச்சிடுச்சே! கடுக்காயப் போட்டு வேரையே வெளுக்க வெச்சுட்டாரு உங்க சித்தப்பா.”

மறுபடி தும்மட்டிக்காய் வந்தது. வெள்ளை முடி போக வேண்டுமே. அது போகும் வரைக்கும் தேய்த்தார்கள். போனது.

டாக்டர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோது நான் ஏன் உட்கார்ந்துவிட்டேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அப்புறம் பள்ளிக்கூடம் திறந்தது. அம்மாவுக்கு நேரம் இல்லை, அத்தை ஊருக்குப் போய்விட்டாள், சித்தப்பாவுக்கு ஆடி மாதத்துக்கு முந்தின கல்யாண வேலை. யாரும் என் தலையைத் தொடவில்லை. தீபாவளிக்குள் முடி வளர்ந்துவிட்டது, அந்தப் பருப்பளவு தழும்பைத் தவிர. அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. எல்லோரும் ஜெயித்துவிட்டார்கள். வெங்காயம்தான் வேலை செய்தது என்று அம்மா. தும்மட்டிக்காய் இல்லையென்றால் நடந்திருக்காது என்று அத்தை. கடுக்காய் வேரைப் பிடித்துக்கொண்டது என்று சித்தப்பா. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டால் எது செய்தது என்று எப்படித் தெரியும்? சும்மா விட்டதுதான் செய்தது என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்? சும்மா விட்டவர் என்று அந்த வீட்டில் ஒருவர் பெயரையும் சொல்ல முடியாது.

அதே கதைதான் இப்போது என் வீட்டில். கணவர் அலுவலகத்திலிருந்து வீடியோ அனுப்புகிறார். ஒன்றில் வெங்காயம், ஒன்றில் கரிசலாங்கண்ணி, ஒன்றில் செம்பருத்தி. கீழே, “ட்ரை பண்ணிப் பாக்கலாமே, இயற்கைதானே.” நானும் போனில் தேடிப் பார்த்தேன். பலன் இருக்கலாம் என்று ஒரு பக்கம், தோலைப் புண்ணாக்கிவிடும் என்று இன்னொரு பக்கம். டாக்டர் சொன்னதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே, ஒருநாள் வெங்காயம் உரிக்கும்போது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தபடி நின்றேன். நான் ஒன்றும் செய்யாமல் இருந்து, முடியும் வராமல் போனால், அது என் சோம்பேறித்தனம் என்றாகும். வந்துவிட்டால், எல்லோரும் சேர்ந்து செய்த வேண்டுதலின் பலன் என்றாகும்.

இன்று காலை மகளுக்குத் தலை வாரும்போது பார்த்தேன். காதுக்குப் பின்னால், வெள்ளையாக, மெல்லிசாக. ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முடிதான். கணவருக்கு போன் செய்ய எடுத்த நேரத்தில் காலிங்பெல் அடித்தது. அம்மா நின்றாள், மஞ்சள் பையோடு.

பையிலிருந்து முதலில் எடுத்தது காய் அல்ல. அந்தப் படம். தொலைந்துவிட்டது என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வாலாஜாபாத்தில் அம்மா இப்போது இருக்கிற என் அண்ணன் வீட்டில் ஏதோ பெட்டிக்கு அடியில் இருந்ததாம். ஓரம் செல்லரித்திருக்கிறது.

“இந்தா, நான் எத்த சொன்னாலும் நீ நம்ப மாட்டியே. உன் கண்ணாலயே பாரு. கண்ணாடியில தெரியுதா? புழுவெட்டு இருந்த எடந்தான். எவ்ளோ கருப்பா முடி மூடிக்கினு இருக்குது பாரு. எல்லாம் தும்மட்டிக்காய்தான்.”

“அம்மா, அது முடி இல்லமா. சித்தப்பா போட்ட கடுக்காய்.”

“கடுக்காயா? நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா ஞாபகம் இருக்கும்? போட்டோ பொய் சொல்லுமா?”

நான் படத்தில் இருக்கும் முகத்தைப் பார்த்தேன். பதினொரு வயசுப் பெண், கழுத்தில் ஏதோ ஊர்வதைப் பொறுத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அம்மா பாத்ரூம் போனதும், நான் மகளை உள்ளறைக்குக் கூட்டிப்போய், சாமிப் படத்துக்கு வாங்கியிருந்த மல்லிகையில் ஒரு துண்டைக் கிள்ளி, காதுக்குப் பின்னால் அந்த இடம் மறைகிற மாதிரி வைத்து ரெண்டு பக்கமும் ஹேர்பின் குத்தினேன்.

“இன்னிக்கு பர்த்டேவாமா?”

“இல்ல. அழகா இருக்குது, அதான்.”

“ஆயா என் தலையில என்னமோ தேய்க்கப் போறேன்னு சொன்னாங்களே?”

“பூ வெச்சிருக்கும்போது தேய்க்க முடியாது.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்போ பூவ எடுக்கவே வேணாம்,” என்றாள்.

வெளியே வந்தபோது அம்மா ஒரு காயை அறுத்துக் கையில் தயாராக வைத்திருந்தாள். பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சாயந்தரம் பாத்துக்கலாம்மா,” என்றேன். அறுத்த காயை வீணாக்க அவளுக்கு மனசில்லை. பால்கனியில் உட்கார்ந்து, தன் வகிட்டில், முடி மெலிந்து மண்டை தெரிகிற இடத்தில், மெல்லத் தேய்த்துக்கொண்டாள். ரொம்ப நேரம் தேய்த்தாள்.

“எரியவே இல்லியேடி,” என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமல். “உனக்கு மட்டும் ஏன் அப்டி எரிஞ்சுது?”

“தோல் உரிஞ்ச எடத்துல தேய்ச்சா எரியாம என்னம்மா பண்ணும்?”

அம்மாவின் கை நின்றது. கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“உரிஞ்சிருக்குதுன்னு நீ சொல்லலியே.”

“எரியுதுன்னு சொன்னேன்மா. தேய்ச்ச ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.”

அவள் எழுந்தாள். காயின் இன்னொரு பாதியைப் பையில் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டாள். ஆனால் தூக்கி எறியவில்லை. சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோய் வைத்தாள். இப்போது பேத்தியோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை அவள் கை பேத்தியின் காதுப் பக்கம் போனது. பூவைத் தொட்டது. எடுக்கவில்லை, சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தது.

அம்மா ஒரு வாரம் இருக்கப்போகிறாளாம். மல்லிகை சாயந்தரத்துக்குள் வாடிவிடும். நாளைக்கும் வாங்க வேண்டும்.